வாலுவும் முதுகுப் பாலமும்

அவனுக்குப் பள்ளிக்கூடத்தில் ஒரு பெயர் இருந்தது. வருகை எடுக்கும்போது ஆசிரியர் அந்தப் பெயரைக் கூப்பிட்டால் வகுப்பே 'யாரது?' என்று திரும்பிப் பார்க்கும். அவனும் சேர்ந்து திரும்பிப் பார்ப்பான். "டேய் வாலு!" என்றால்தான் எழுந்து நிற்பான்.

பெற்றவர்கள் அவன் கைக்குழந்தையாக இருந்தபோதே இறந்துவிட்டார்கள். அத்தை வீட்டில் வளர்ந்தான். அத்தை தையல்காரி. வீட்டின் முன்னறைதான் கடை. ஒரு தையல் இயந்திரம், துணி வெட்டும் நீள மேசை, சுவரில் ஆணியடித்துத் தொங்கவிட்ட அளவுக் காகிதங்கள், கால் வைத்த இடமெல்லாம் குண்டூசி. ஊர்ப் பிள்ளைகளின் சீருடை முழுக்க அங்கேதான் தயாராகும். வெட்டும் மேசைக்கு அடியில் வாலுவின் படுக்கை. காலையில் எழும்போது தலைமுடியில் நூல் துண்டுகள் ஒட்டியிருக்கும். அப்படியே பள்ளிக்குக் கிளம்பிவிடுவான்.

மாமா பிஸ்கட் தொழிற்சாலையில் வாயிற்காவலராக இருந்தவர். தொழிற்சாலையை மூடிவிட்டார்கள், மாமா மட்டும் மூடவில்லை. தினமும் காக்கிச் சீருடையைத் தேய்த்துப் போட்டு, தொப்பி வைத்து, சொந்த வீட்டு வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்துவிடுவார். துணி தைக்கக் கொடுக்க வருகிறவர்களை நிறுத்தி, "யாரைப் பார்க்கணும்? என்ன விஷயம்?" என்று விசாரிப்பார். "அவங்க என்னைப் பார்க்கத்தான் வந்திருக்காங்க, விடுங்க!" என்று அத்தை உள்ளேயிருந்து கத்தினால்தான் வழி கிடைக்கும். அத்தையே காய்கறி வாங்கிக்கொண்டு திரும்பினாலும் பையைத் திறந்து பார்த்துவிட்டுத்தான் உள்ளே விடுவார். சில நாள் அத்தைக்குச் சிரிப்பு வரும். பல நாள் அழுகை வரும்.

இப்படிப்பட்ட வீட்டில் வாலு சும்மா இருப்பான் என்று ஊர் எதிர்பார்த்தது.

ஒருமுறை தலைமையாசிரியர் தம் கோட்டுக்குப் பொத்தான் வைக்கக் கொடுத்திருந்தார். வாலு அதன் இடது கை முனையை நெருக்கமாகத் தைத்து மூடிவிட்டான். மறுநாள் காலைக் கூட்டத்துக்கு அவசரமாகக் கிளம்பிய தலைமையாசிரியர் கையை உள்ளே விட்டார், வெளியே வரவில்லை. கழற்றவும் நேரமில்லை. ஒழுக்கத்தைப் பற்றி முழு உரையையும் ஒரு கையாலேயே ஆற்றி முடித்தார். அவருக்குப் பக்கவாதம் வந்துவிட்டதாக ஆசிரியர்கள் தங்களுக்குள் முடிவுகட்டி, மாலையில் பழக்கூடையோடு வீட்டுக்குப் போய் அவர் மனைவியைத் தேற்றினார்கள். அந்த அம்மாள் அழுத அழுகையில் தலைமையாசிரியருக்கே சந்தேகம் வந்துவிட்டது. கொஞ்சகாலம் இடது கையை அடிக்கடி மடக்கி நீட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அத்தை அவனை அடிக்கவில்லை. ஒரு தகரப் பலகையையும் நீலப் பெயிண்டையும் வெள்ளைப் பெயிண்டையும் முன்னால் வைத்தாள்.

"உங்கிட்ட உருப்படியா இருக்கிறது கையெழுத்து ஒண்ணுதான். கடைக்குப் பேர்ப்பலகை எழுது. அந்தக் கை ஒரு நாளாவது நல்லது செய்யட்டும்."

எழுதினான். அச்சுக் கோத்தது போல் அழகாக வந்தது. ஆனால் டப்பாவில் பெயிண்ட் மிச்சம் இருந்தது. கொல்லையில் இன்னொரு தகரமும் கிடந்தது. இந்த இரண்டையும் அடுத்தடுத்துப் பார்த்த பிறகு எந்த வாலுவால் சும்மா இருக்க முடியும்?

எங்கள் ஊரை ஓர் ஆறு இரண்டாகப் பிரிக்கிறது. இந்தப் பக்கம் கடைத்தெரு, வீடுகள். அந்தப் பக்கம் ரயில் நிலையமும் பள்ளிக்கூடமும். நடுவே நடந்து போக மட்டும் ஒரு பழைய கல்பாலம். ஒரு நண்பகலில் வாலு மாமாவின் பழைய தொப்பியைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு, ஏணியும் பலகையுமாகப் பாலத்து முகப்புக்குப் போனான். ஒளிந்து மறைந்து செய்தால்தான் யாராவது கேள்வி கேட்பார்கள் என்பது அவன் அனுபவம். ஏணி ஆடியது. அந்த வழியாக வந்த தபால்காரர் பிடித்துக்கொண்டார்.

"மேலிடத்து உத்தரவா தம்பி?"

"ஆமா சார்."

எதிரே நின்ற போலீஸ்காரர் தலையைச் சாய்த்துப் பார்த்தார். "இடது பக்கம் இறங்கியிருக்கு பாரு. நேராத் தூக்கி அடி."

நேராகத் தூக்கி அடித்தான். பலகையில் இப்படி எழுதியிருந்தது:

'இந்தப் பாலத்தைப் பின்னோக்கி நடந்துதான் கடக்க வேண்டும். மீறுவோர் மீது நடவடிக்கை எடுக்கப்படும். உத்தரவுப்படி.'

யார் உத்தரவு என்று எழுதவில்லை. எல்லாம் அந்த ஒரு வார்த்தை செய்த வேலைதான் என்று பின்னாளில் அவனே சொல்லியிருக்கிறான்.

ஆற்றங்கரைப் புதரில் வாலுவும் அவன் சிநேகிதி சோடாவும் உட்கார்ந்தார்கள். தடித்த கண்ணாடி போட்டிருந்ததால் அவளுக்கு அந்தப் பெயர். முதலில் வந்தவர் தலைமையாசிரியர். பலகையைப் படித்தார். இன்னொரு முறை படித்தார். சுற்றுமுற்றும் பார்த்தார். பிறகு குடையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, திரும்பி நின்று, ஒவ்வோர் அடியாகப் பின்னால் வைத்து நடக்க ஆரம்பித்தார். சோடா வாயைப் பொத்திக்கொண்டாள். வாலு புல்லைக் கடித்துக்கொண்டு புரண்டான்.

மாலைக்குள் ஊரே முதுகைக் காட்டி நடந்துகொண்டிருந்தது. முதல் சில நாட்கள் முதுகும் முதுகும் முட்டி, முட்டைக்கூடைகள் கவிழ்ந்து, கைகலப்பெல்லாம் நடந்தது. பிறகு பழகிவிட்டது. முட்டிக்கொள்ளாமல் இருக்க, போகிறவர்கள் இருமிக்கொண்டே போனார்கள். வருகிறவர்கள் கைதட்டிக்கொண்டே வந்தார்கள். கண்ணாடிக் கடைக்காரர் பின்னால் வருவதைப் பார்க்கக் கழுத்தில் மாட்டும் சின்னக் கண்ணாடி விற்று வீட்டுக்கு மாடி எடுத்தார். முட்டிவலிக்கு இது நல்லது என்றார் மருத்துவர். மருத்துவமனைப் படுக்கையில் தூக்கிப் போகும் நோயாளி தலைப்பக்கமாகப் போக வேண்டுமா கால்பக்கமாகப் போக வேண்டுமா என்று நடுப்பாலத்தில் ஒரு வாக்குவாதம் நடந்தது. அது முடிவதற்குள் நோயாளி குணமாகி, இறங்கிப் பின்னோக்கி நடந்து வீட்டுக்குப் போய்விட்டார். பாலத்துக்கும் 'முதுகுப் பாலம்' என்று பெயர் நிலைத்தது.

பலகையை வைத்தது மாநில அரசு என்று நகராட்சி நினைத்தது. நகராட்சிதான் வைத்திருக்கிறது என்று மாநில அரசு நினைத்தது. கேட்டால் தெரியாத்தனம் வெளிப்பட்டுவிடும் என்று இரண்டு பக்கமும் வாயைத் திறக்கவில்லை. மறுமுனைக்கு ஒரு பலகையை நகராட்சியே செய்து வைத்தது, எழுத்துப் பிசகாமல். அதோடு நிற்கவில்லை. விதியை மீறுகிறவர்களைப் பிடிக்க ஒரு காவலர் தேவை என்று தீர்மானம் போட்டார்கள். கைவசம் சீருடை வைத்திருக்கும் ஆளாக இருந்தால் செலவு மிச்சம்.

ஊரில் அப்படி ஒருவர்தான் இருந்தார்.

மாமா அந்த உத்தரவைக் கையில் வைத்துக்கொண்டு முன்னறையில் நின்ற காட்சியை வாலு மறக்கவே இல்லை.  "என்னைக் கூப்பிட்டிருக்காங்க" என்றார் அத்தையிடம். "என்னை." அத்தை இயந்திரத்தை நிறுத்திவிட்டு, அன்றே அவருடைய சட்டைத் தோளில் இரண்டு வெள்ளி நட்சத்திரங்களைத் தைத்தாள். அந்தப் பதவிக்கு நட்சத்திரம் உண்டா என்று யாரும் கேட்கவில்லை. சாப்பாட்டின்போது மாமா கதை சொன்னார், அத்தை சிரித்தாள். அந்த வீட்டில் சாப்பாட்டு நேரத்தில் சிரிப்புச் சத்தம் கேட்டு எவ்வளவோ காலமாயிற்று. வாலுவும் சிரிக்கப் பார்த்தான். வரவில்லை. வாழ்க்கையில் முதல்முறையாக, செய்த குறும்பை யாரிடமும் சொல்லிப் பெருமையடிக்க முடியவில்லை.

மறுநாள் பள்ளிக்குப் போகும்போது பாலத்தில் நேராக நடந்தான். விசில் சத்தம் காதைப் பிளந்தது.

"திரும்புடா!"

"மாமா, நான்தான்..."

"இங்க மாமாவும் கிடையாது, மருமகனும் கிடையாது. சட்டம்னா எல்லாருக்கும் ஒண்ணுதான். போய் முதல்லேர்ந்து நடந்து வா."

போனான். முதலிலிருந்து, முதுகைக் காட்டிக்கொண்டு, தன்னுடைய நகைச்சுவையின் மேல் தானே நடந்து வந்தான். தினமும் அப்படித்தான்.

இது இப்படியே போயிருக்கும். ஆனால் கோடை விடுமுறையில் ஆறு எங்கே போய் முடிகிறது என்று வாலுவுக்கும் சோடாவுக்கும் சண்டை வந்தது. கடலில்தான் முடியும் என்றாள் சோடா. புத்தகத்தில் போட்டதையெல்லாம் நம்பாதே, போய்ப் பார்த்தால்தான் தெரியும் என்றான் வாலு. அத்தை ஒதுக்கிப்போட்ட பழைய துணி தேய்க்கும் மேசையைக் கவிழ்த்து, நாலு மூலையிலும் அடியில் காலி எண்ணெய் டின்களைக் கட்டி, தெப்பம் செய்தார்கள். வழிக்கு ரொட்டியும் ஒரு குடையும் எடுத்துக்கொண்டார்கள். கடலை நோக்கிய அந்தப் பயணம் முதுகுப் பாலத்தின் நடுத்தூணில் மோதி முடிந்தது.

தெப்பம் தூணில் சொருகிக்கொண்டது. மேலே தொப்பி தெரிந்தது.

"யாருடா அது கீழே?" மாமாவின் குரல். "தெப்பமா? எந்தப் பக்கம் பார்த்துப் போகுது? பாலத்துக்குக் கீழே போனாலும் பின்னோக்கித்தான் போகணும்! திருப்புடா!"

"திருப்ப முடியல மாமா, மாட்டிக்கிச்சு!"

"அதெல்லாம் காரணமே இல்ல!"

வாலு தூணைப் பிடித்துக்கொண்டு திருப்பப் பார்த்தான். பிடித்த கை முழங்கைவரை உள்ளே போய்விட்டது. அவ்வளவு பெரிய விரிசல். மேலே ஒவ்வொருவரும் குதிகாலை அழுத்திப் பின்னால் வைக்கும்போதும் உள்ளேயிருந்து கல்பொடி உதிர்ந்து சோடாவின் கண்ணாடியில் விழுந்தது. அவள் துடைத்துத் துடைத்துப் பார்த்தாள்.

"வாலு, இது விழுந்துடும்டா" என்றாள் மெதுவாக.

கரையேறியதும் மாமாவிடம் ஓடினார்கள். மாமா பொறுமையாகக் கேட்டார். "பாலத்துக்கு மேல நடக்கிறதுதான் என் பொறுப்பு. கீழே இருக்கிறது மேலிடம். அங்க போய்ச் சொல்லு" என்றார்.

மேலிடம் என்றால் நகராட்சிப் பொறியாளர். அவர் அறையில் மின்விசிறி சுற்றவில்லை. அதைச் சரிசெய்ய எந்தப் பிரிவுக்குச் சொல்வது என்று அவருக்கும் தெரியாது. ஓர் ஓலை விசிறியால் விசிறிக்கொண்டே கேட்டார்.

"விரிசல் இருக்கு, சரி. பாலத்தை மூட முடியாதேப்பா."

"ஏன் சார்?"

"பலகையில என்ன எழுதியிருக்கு? 'கடக்க வேண்டும்.' கடக்கலாம்னு இல்ல, வேண்டும்! நான் மூடினா உத்தரவை மீறினவன் ஆயிடுவேன். நடவடிக்கை எடுப்பாங்க."

 சோடா வாலுவின் முதுகில் குத்தினாள். "சார், அந்தப் பலகையை எழுதினதே நான்தான்" என்றான்.

பொறியாளர் விசிறுவதை நிறுத்தவில்லை. "எல்லாரும் அதைத்தான் சொல்றாங்க. முன்னாள் நகராட்சித் தலைவர் தன்னோட யோசனைன்னு சொல்லி சால்வையே வாங்கிட்டார். உடற்பயிற்சி வாத்தியார் தன்னோடதுன்னு பேட்டி குடுத்திருக்கார். நீ கொஞ்சம் லேட்டு தம்பி."

வெளியே படியில் உட்கார்ந்தார்கள். "வார்த்தையாலே சொன்னா இந்த ஊர் கேக்காது" என்றாள் சோடா. "பலகைதான் கேக்கும். எழுது."

அது சரியாகத்தான் பட்டது. வாலு எழுதினான்: 'பாலம் மூடப்பட்டுள்ளது. உத்தரவுப்படி.' அதே நீலம், அதே வெள்ளை. மாமா மறுமுனைக்குப் போயிருந்த நேரம் பார்த்து மாட்டிவிட்டு வந்தான். அரை மணியில் மாமா அதைப் பெயர்த்துக் கையில் எடுத்துக்கொண்டு வீட்டுக்கே வந்துவிட்டார். அத்தையிடம் காட்டினார்.

"பாரு இந்த அநியாயத்தை! எவனோ பொய்ப் பலகை மாட்டியிருக்கான். எழுத்தைப் பாரு, கோணலும் மாணலுமா. நம்ம பலகை எழுத்து எப்படி லட்சணமா நிக்கும்! அது படிச்சவங்க எழுதினது. இது எவனோ வாலுப்பய வேலை."

வெட்டும் மேசைக்கு அடியில் படுத்திருந்த வாலு கண்ணை இறுக்கி மூடிக்கொண்டான்.

கோடை முடியும்போது மலைப்பக்கம் மழை கொட்டியது. ஆறு செம்மண் நிறத்தில் கரையைத் தொட்டு ஓடியது. பள்ளி திறக்கும் நாள் காலையில் வாலு எல்லாருக்கும் முன்பே பாலத்துக்கு வந்து நின்றான். நடுத்தூணைச் சுற்றித் தண்ணீர் சுழித்தது. இன்னும் கொஞ்ச நேரத்தில் இந்தப் பக்கமிருந்து பள்ளிப் பிள்ளைகள் வருவார்கள், அத்தை தைத்த புதுச் சீருடைகளோடு. அந்தப் பக்கமிருந்து ரயிலில் இறங்கிய கூட்டம் வரும்.

மாமா பாலத்து முகப்பில் இருந்த தம் காவல் கூண்டில் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தார். வாலு உள்ளே போனான். சட்டைப்பையிலிருந்து தையல் சாக்குக்கட்டியை எடுத்தான். கூண்டின் மரக்கதவில் 'உத்தரவுப்படி' என்று எழுதினான்.

மாமா கதவைப் பார்த்தார். எழுந்து வெளியே வந்து பலகையைப் பார்த்தார். திரும்ப உள்ளே வந்து கதவைப் பார்த்தார். அதே சுழி. அதே கொம்பு. டீ ஆறிக்கொண்டிருந்தது.

"விளையாட்டுக்குப் பண்ணினேன் மாமா. உங்களை வேலைக்குக் கூப்பிடுவாங்கன்னு தெரியாது. அப்புறம் நீங்க சிரிச்சீங்க, அத்தை சிரிச்சாங்க. சொல்ல முடியல."

மாமா தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார். தொப்பியில்லாமல் அவர் மிகவும் சின்ன மனிதராகத் தெரிந்தார். தலையில் தொப்பி அழுத்திய தடம் வளையமாக இருந்தது.

"அப்போ யாரும் என்னைக் கூப்பிடல" என்றார்.

 "விரிசல் மட்டும் நிஜம் மாமா" என்றான் வாலு.

"உன் அத்தைக்குத் தெரியுமா? பலகை விஷயம்?"

"தெரியாது."

"தெரிய வேண்டாம்."

கொஞ்ச நேரம் தோளில் இருந்த நட்சத்திரத்தை நகத்தால் நிரடிக்கொண்டிருந்தார். பிறகு தொப்பியை எடுத்துத் தலையில் வைத்தார், தேவைக்கு மேலேயே அழுத்தி. வெளியே போய்ப் பாலத்து முகப்பில் குறுக்கே கயிற்றைக் கட்டினார்.

அதற்குள் பிள்ளைகள் வந்துவிட்டார்கள். தலைமையாசிரியரும் வந்துவிட்டார்.

"என்ன இது? வழி விடுங்க."

"யாரும் போகக்கூடாது."

"யார் உத்தரவு?"

பிறந்ததிலிருந்து பிறர் உத்தரவில்லாமல் ஒரு கதவைக்கூடத் திறக்காத மனிதர் மாமா. மூச்சை இழுத்து விட்டார். "என் உத்தரவு" என்றார். சொன்ன பிறகு அவரே ஒரு கணம் பயந்துபோய்ப் பின்னால் திரும்பிப் பார்த்துக்கொண்டார், வேறு யாராவது சொன்னார்களோ என்று.

அந்தப் பக்கம் ரயில் ஊதியது. மாமாவும் வாலுவும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். அங்கே தடுக்க யாரும் இல்லை.

வாலு கயிற்றுக்கு அடியில் புகுந்து ஓடினான். "டேய், வேண்டாம்டா!" என்று மாமா கத்தியது காதில் விழுந்தது. அதைவிடச் சத்தமாகக் கரையில் இருந்த கூட்டம் அலறியது: "ஐயோ, முன்னாடி பார்த்து ஓடறான்!" காலுக்குக் கீழே பாலம் முனகியது. நடுவில் ஒரு கல் அவன் வைத்த கால் எடுப்பதற்குள் காணாமல் போயிற்று. அவன் நிற்கவில்லை.

மறுகரையில் ரயில் கூட்டம் வந்துகொண்டிருந்தது. காய்கறிக்காரிகள், வங்கி ஊழியர்கள், பெட்டி தூக்கியவர்கள். பழக்கத்தில் எல்லாரும் பாலத்துக்கு முன்னால் இருந்த விளக்குக் கம்பத்தருகிலேயே திரும்பி முதுகைக் காட்டிக்கொண்டு வந்தார்கள். "நில்லுங்க! பாலம் விழுது!" என்று கத்தினான். முதுகுகளுக்குக் கேட்கவில்லை. எல்லாரும் இருமிக்கொண்டும் கைதட்டிக்கொண்டும் இருந்தார்கள். அவன் கத்தியதும் அதில் ஒன்றாகக் கலந்துபோயிற்று.

சட்டென்று பாலத்து வாயிலில் குறுக்காகப் படுத்துக்கொண்டான்.

முதலில் தடுக்கி விழுந்தவர் ஒரு காய்கறிக்காரி, கத்திரிக்காய்க் கூடையோடு. அவர் மேல் வங்கிக் காசாளர். அவர் மேல் பெட்டியோடு ஒரு குடும்பம். பின்னால் வருகிறவர்களுக்கு எதுவும் தெரியாது. வந்து வந்து விழுந்தார்கள். மலைபோல் குவிந்தது. அடியில் வாலு. இடது தோளில் ஏதோ முறிந்த சத்தம் அவனுக்கு மட்டும் கேட்டது. மேலே ஆளாளுக்குத் திட்டிக்கொண்டிருந்தார்கள். "எவன்டா வழியில படுத்திருக்கிறது?" "என் பல்லு எங்கே?" "யாரு என் காலைத் தன் கால்னு நினைச்சுச் சொறியறது?"

அப்போது பாலம் விழுந்தது. பெரிய சத்தமெல்லாம் இல்லை. டீயில் நனைத்த ரொட்டி போல நடுப்பகுதி மெல்ல மடிந்து தண்ணீருக்குள் போயிற்று. குவியல் அப்படியே அமைதியானது. யாருக்கும் எழுந்திருக்கத் தோன்றவில்லை. அக்கரையில் பிள்ளைகளுக்கு முன்னால் கயிற்றைப் பிடித்தபடி ஒரு காக்கித் தொப்பி நின்றுகொண்டிருந்தது.

விசாரணைக் குழு வைத்தார்கள். பாலம் அன்றைக்கு ஏன் விழுந்தது என்று குழு கேட்டது. ஊர் ஒரே குரலில் பதில் சொன்னது: அந்தப் பையன் முன்னோக்கி ஓடினான், விழுந்துவிட்டது. இத்தனை நாள் பின்னோக்கி நடந்தபோது விழுந்ததா? விழவில்லையே! இந்த வாதத்துக்கு முன்னால் பொறியாளரும் தலையாட்டினார். விரிசலைப் பற்றிய பேச்சும் வந்தது. விரிசல் இருந்ததென்றால் காவலருக்குத் தெரிந்திருக்க வேண்டுமே, தெரிந்தும் பாலத்தைத் திறந்து வைத்திருந்தாரா என்று குழுத் தலைவர் மாமாவின் பக்கம் திரும்பினார். மாமா வாயைத் திறந்தார்.

"நான்தான் சார்" என்று வாலு முந்திக்கொண்டான். கழுத்திலிருந்து கட்டு தொங்கியது. "நான்தான் ஓடினேன். அதனாலதான் விழுந்துச்சு."

செய்ததை ஊரறிய இதுவரை ஒருமுறைகூட ஒத்துக்கொள்ளாதவன். குழு அதை மகிழ்ச்சியோடு எழுதிக்கொண்டது. தலைமையாசிரியர் எழுந்து, இவனிடம் இப்படி ஒரு நாணயத்தைத் தாம் எதிர்பார்க்கவில்லை என்று இரு கைகளாலும் சைகை காட்டிப் பேசினார். ஊர்ச் சொத்தை அழித்ததற்குத் தண்டனையாக, தோள் கூடியதும், புதுப் பாலம் வரும்வரை பள்ளி விட்டபின் புதிதாக வைத்த படகுத்துறையில் படகுக் கயிறு இழுக்க வேண்டும் என்று தீர்ப்பாயிற்று. படகுத்துறைக்கு மாமாவே காவலர். இங்கே எப்படி ஏற வேண்டும் என்று பலகை எதுவும் இல்லாததால் அவர் முதல் வாரம் மிகவும் தடுமாறினார். பிறகு பழகிக்கொண்டு, குழந்தைகளைக் கைபிடித்து ஏற்றிவிட ஆரம்பித்தார்.

புதுப் பாலம் கட்ட வெளியூரிலிருந்து ஒரு பொறியாளர் அம்மா வந்தார். முழங்கால்வரை சேற்றில் இறங்கி, இடிந்த தூணைக் குடைந்து குடைந்து பார்த்தார். ஒரு மாலை படகில் அவர் மட்டும்தான்.

"விரிசலுக்குள்ள பாசி படிஞ்சிருக்கு. அது பல வருஷத்து விரிசல்" என்றார். "நீ ஓடினதாலே அந்தப் பாலம் விழல. உனக்கும் தெரியும்."

"தெரியும் மேடம்."

"அப்புறம் ஏன் ஒத்துக்கிட்டே?"

வாலு கயிற்றை இழுத்துக்கொண்டே துறையைப் பார்த்தான். மாமா யாருடைய மூட்டையையோ இறக்கிவைத்துக்கொண்டிருந்தார்.

"எனக்குத் திட்டு வாங்கிப் பழக்கம் மேடம். அவருக்குப் பழக்கம் இல்ல."

 கரை வந்ததும் அந்த அம்மாள் அளவு நாடாவின் ஒரு முனையை அவன் கையில் கொடுத்து, "அந்தக் கல்லுகிட்ட போய்ப் பிடி" என்றார். பிடித்தான். புதுப் பாலம் முடியும்வரை பிடித்துக்கொண்டிருந்தான். சோடா கரையில் உட்கார்ந்து, இரண்டு பேரும் தப்பாக அளப்பதாக நினைத்த இடங்களில் கத்தினாள். பாதி நேரம் அவள் சொன்னது சரியாக இருந்தது.

பல வருடம் கழித்து, பாலங்களைத் தட்டிப் பார்த்துச் சோதிக்கும் துறையில் ஆள் எடுத்தார்கள். நேர்முகத் தேர்வுக்கு வாலுவும் போனார். ஆம், அப்போது மீசை வந்துவிட்டது. மரியாதையாகத்தான் சொல்ல வேண்டும்.

"முன் அனுபவம் ஏதாவது?"

"ஒரு பாலம் என்னால விழுந்திருக்கு சார்."

சிரித்தார்கள். பிறகு சந்தேகப்பட்டு எங்கள் நகராட்சிக்கு ஆள் அனுப்பினார்கள். உண்மைதான், முத்திரையோடு பதிவாகியிருக்கிறது என்று தகவல் வந்தது. பாலம் எதனால் விழும் என்பதற்கு அரசாங்கமே சாட்சி சொல்லும் ஒரே விண்ணப்பதாரர் இவர்தான் என்று தேர்வுக் குழுவில் ஒருவர் சொல்ல, மற்றவர்கள் யோசித்துப் பார்த்து ஆமோதித்தார்கள். வேலை கிடைத்தது.

அந்த வேலைக்கும் சீருடை உண்டு. அத்தை முன்னறையில் நிற்கவைத்து அளவெடுத்தாள். இடது தோளருகே வந்ததும் நாடா நின்றது. எலும்பு கூடிய இடத்தில் அந்தத் தோள் ஒரு விரற்கடை இறங்கியிருந்தது. இத்தனை வருடமாக அவள் அதைக் கவனித்ததில்லை. சட்டை தொளதொளவென்று போடுகிற ஆள்.

"நேரா நில்லுடா" என்றார் மாமா வாசலிலிருந்து.

"நேராத்தான் நிக்கிறான்" என்றாள் அத்தை. அளவுக் காகிதத்தில் இடது தோளைக் கொஞ்சம் இறக்கிக் கோடு போட்டு, துணியை விரித்து, வெட்ட ஆரம்பித்தாள்.